சோப்பு டப்பாவில் ஐந்தாம் வகுப்பு

ஜெயராணி டீச்சருக்குக் கடவுள் கல்வி கொடுத்தார், பொறுமை கொடுத்தார், நல்ல கையெழுத்துக் கொடுத்தார். சத்தத்தை மட்டும், கை தவறியோ என்னவோ, வேறொருவருக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்த வேறொருவர் யார் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் பேசினால் எதிரில் நிற்பவருக்குக் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்தன்று, சம்மதமா என்று சாமியார் மூன்று தடவை கேட்டார். கடைசியில் மாப்பிள்ளை ராபர்ட்டே, "சரின்னுட்டாங்க ஃபாதர், எனக்குக் கேட்டுச்சி" என்று சாட்சி சொல்லித்தான் தாலி ஏறியது. மாதா கோயில் பாடகர் குழுவில் அவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. புடவை நேர்த்தியாகக் கட்டுவார் என்பதற்காகக் கொடுத்த இடம் அது.

இப்படிப்பட்டவருக்கு 2007ஆம் வருஷம் ஆசிரியர் வேலை வந்தது. தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் எங்களை ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். ஜெயராணி குடியிருந்தது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். தினமும் காலையில் கடலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து குப்பத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க அவர் வாய் திறந்ததே இல்லை. ரூபாய் நோட்டை நீட்டுவார், கண்டக்டர் புரிந்துகொள்வார்.

பள்ளிக்கூடக் கட்டடம் சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனம் கட்டியது. காற்றையும் அலையையும் தாங்க வேண்டும் என்று, சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் சுவரை வட்டமாக எழுப்பி, மேலே சட்டியைக் கவிழ்த்த மாதிரி கூரை போட்டிருந்தார். கட்டடம் எதையும் தாங்கும், பேச்சைத் தவிர. ஒரு வார்த்தை சொன்னால் அது கூரையில் முட்டி, சுவரில் உருண்டு, மூன்று வார்த்தையாகத் திரும்பி வரும். உள்ளே தடுப்பு கிடையாது. திறப்பு விழாவில் அதற்குத் 'திறந்த கற்றல்' என்று பெயர் சொன்னார்கள். அந்தத் திறந்த கூடத்தின் கிழக்குப் பாதியில் ஜெயராணியின் ஐந்தாம் வகுப்பு. மேற்குப் பாதியில் தலைமையாசிரியர் பழனிவேலின் நாலாம் வகுப்பு.

கடவுள் கை தவறிச் சேர்த்துக் கொடுத்தது பழனிவேலுக்குத்தான். விருத்தாசலம் பக்கத்து விவசாயக் குடும்பம். வாசலில் நின்றபடியே ஏரிக்கரையில் மேயும் மாட்டைக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. அந்த வருஷங்களில் நாலாம் வகுப்பு வரைக்கும் அட்டை வைத்துப் படிக்கும் முறையை அரசாங்கம் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகள் அட்டையை எடுத்துத் தாங்களே படிக்க வேண்டும். வாத்தியார் பாயில் உட்கார்ந்து பேசாமல் கவனித்துக்கொள்ள வேண்டும். பழனிவேலுக்குப் பாயில் உட்காருவதில் ஒரு சிரமமும் இல்லை. பேசாமல் இருப்பதுதான் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு அட்டையையும் அவரே உரக்கப் படித்தார்.

அடுத்த வருஷக் காலாண்டுத் தேர்வில் இதன் பலன் தெரிந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலாம் வகுப்புப் பாடத்தைப் பிழையில்லாமல் எழுதிவைத்திருந்தார்கள். தங்கள் பாடத்தைப் பற்றி அவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. கடைசி பெஞ்சு அன்பரசு, டீச்சர் தினமும் வகுப்பில் நின்று ஜெபம் பண்ணுகிறார் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தான். வாய் மட்டும் அசைவதைப் பார்த்த பிள்ளை வேறென்ன நினைக்கும்.

"வயித்துலேந்து பேசணும் டீச்சர்," என்றார் பழனிவேல். அவர் கெட்டவர் இல்லை. "தொண்டையில பேசாதீங்க. தொப்புள்லேந்து எடுத்து வுடுங்க."

"பாக்கறேன் சார்."

"என்னா?"

"பாக்கறேன் சார்."

"சரி, யோசிச்சே சொல்லுங்க. ஜனவரில ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வர்றாரு. கடைசி பெஞ்சுக் கழுதைங்கதான் அவரு கண்ணுக்கு மொதல்ல தெரியும். போன வருஷம் இப்டித்தான் ஒரு டீச்சர நிர்வாகக் காரணம்னு போட்டு திட்டக்குடிக்கு அந்தாண்ட தூக்கி அடிச்சாரு. நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்."

ஏ.இ.ஓ. என்றால் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர். திட்டக்குடிக்கு அந்தாண்டை என்றால் சிதம்பரத்திலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம்; புருஷனை ஒரு பக்கம், வேலையை ஒரு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டிய தூரம். ஜெயராணி ஒரு வாரம் தொப்புளிலிருந்து எடுத்து விட்டுப் பார்த்தார். எட்டாம் நாள் குரல் கட்டிக்கொண்டது. சிதம்பரத்து டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனி கத்தினால் இருப்பதும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். கத்தினால் குரல் போகும். கத்தாவிட்டால் வகுப்பு போகும்.

ராபர்ட்டுக்கு அண்ணாமலை நகரில், மாணவர் லாட்ஜுகளுக்கு எதிரே ரேடியோ, டேப், மிக்ஸி பழுது பார்க்கும் கடை. எந்தச் சாமானைச் சரிசெய்தாலும் கொஞ்சம் வீரியத்தைக் கூட்டித்தான் கொடுப்பார். அவர் கைபட்ட மிக்ஸி மேடையை விட்டு இறங்கி நடக்கும்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "மைக்குதானே வேணும்? அதுக்கு ஏன் ஜெயா மூக்க சிந்துற?" என்றார்.

"மூக்க சிந்தல. பேசிக்கிட்டிருக்கேன்."

தீபாவளி கழிந்து ராபர்ட் கருவியைச் செய்து முடித்தார். சட்டையில் குத்திக்கொள்ளும் குட்டி மைக் ஒன்று. அதிலிருந்து ஒயர் இடுப்பில் செருகிய ஒரு சோப்பு டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள்ளிருந்து பேச்சு காற்றில் கிளம்பும். அதைப் பிடிக்க ஓர் எஃப்.எம். ரேடியோ, ரேடியோவோடு சேர்த்த நாலு ஸ்பீக்கர் பெட்டிகள். பிள்ளைகளின் தலைக்குப் பக்கத்திலேயே பெட்டி இருந்தால் பேச்சு கூரைவரைக்கும் போய்த் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை என்றார். ஏரியல் ஒயரைப் புடவை மடிப்போடு சேர்த்து ஊசி குத்திவிட்டார். வானொலி முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, எந்த நிலையமும் இல்லாமல் வெறும் கொரகொரப்பு மட்டும் வரும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே டப்பாவை நிறுத்தினார். வழக்கப்படி கொஞ்சம் வீரியத்தையும் கூட்டினார்.

இதில் ஒரு சின்ன விஷயம். அந்த இடம் சிதம்பரத்தில்தான் காலி. வடக்கே கடலூர்க் கரைக்குப் போனால் அதே இடத்தில் புதுச்சேரிப் பக்கத்து நிலையம் ஒன்று கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. கடலூரில் போய்த் திருப்பிப் பார்க்க ராபர்ட்டுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் ஜெயராணி டப்பாவைச் செருகிக்கொண்டு, "பிள்ளைகளே, புத்தகத்தை எடுங்கள்" என்றார். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் திடுக்கிட்டு நாலு மூலைகளையும் பார்த்தது. அன்பரசு எழுந்து நின்றான்.

"டீச்சர், நீங்க பேசுவீங்களா?"

அன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம் நடந்தது. பேச்சு பக்கத்தில் வந்து விழுந்ததால் கூரையின் எதிரொலி அடங்கியது. பழனிவேலின் குரல்கூட வெளியே ஓடும் படகு இன்ஜின் அளவுக்குக் குறைந்தது. கடைசி பெஞ்சில் தலைகள் நிமிர்ந்தன. ஜெயராணி கதை சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அதற்குமுன் முன்பெஞ்சு சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள். மார்கழி பிறப்பதற்குள் அன்பரசு எழுத்துக் கூட்டாமல் வாசித்தான்.

வேறு சில காரியங்களும் நடந்தன. அவைதான் டீச்சருக்கு விளங்கவில்லை.

வகுப்புக்கு வராமல் படகுக்குப் பின்னால் கோலி ஆடும் பிள்ளைகளே இல்லாமல் போனார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு, யாராவது இல்லை என்றால், பெயர்ப் பட்டியல் முடிவதற்குள் தாயார் ஒருத்தி பையனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "எட்டேழு அம்பத்தாறு தெரியாதாடா ஒனக்கு" என்று மத்தியானம் சோறு போடும்போதே அடி விழுந்தது. ஆட்டோவுக்காக நிற்கும்போது கருவாடு விற்கும் இருசம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பாள்.

"டீச்சரம்மா, அந்த மானு என்னா ஆச்சி?"

"எந்த மான்?"

"ராசா அம்ப எடுத்தாருன்னீங்க. மணியடிச்சிட்டான். மானு பொழச்சிச்சா இல்லியா?"

பிள்ளைகள் வீட்டில் போய் எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஜெயராணி மகிழ்ந்துபோனார். மான் பிழைத்ததைச் சொன்னார். இருசம்மாள் நிம்மதியாகக் கூடையைத் தூக்கினாள்.

உண்மை என்னவென்றால், சுனாமிக்குப் பிறகு அந்தக் குப்பத்துக்கு மூன்று தொண்டு நிறுவனங்கள் வந்திருந்தன. புயல் எச்சரிக்கை கேட்க என்று மூன்றும், ஒன்றையொன்று கேட்காமல், வீட்டுக்கு ஒரு ரேடியோ கொடுத்திருந்தன. ஆகவே அடுப்படியில் ஒன்று, வலைக்கொட்டகையில் ஒன்று, கருவாட்டுக் களத்தில் ஒன்று என்று குப்பம் முழுக்க ரேடியோ. எல்லாவற்றின் முள்ளும் அந்தப் புதுச்சேரிப் பக்கத்து நிலையத்தில்தான் நிற்கும். தீபாவளிக்குப் பிறகு, தூரத்து நிலையத்தைப் பக்கத்து டப்பா அமுக்கிவிட, அந்த இடத்தில் பள்ளிக்கூட நேரம் முழுக்க ஜெயராணி டீச்சர் வந்தார். கவர்மெண்டே ஏற்பாடு செய்திருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். டீச்சருக்குத் தெரியாமல் டீச்சர் ரேடியோவில் பேசுவார் என்று யார் நினைப்பார்கள்?

பொங்கல் முடிந்த வாரம், கடலுக்குப் போகாத ஒரு நாளில், ஊர்த் தலைவர் சிங்காரம் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், பள்ளிக்கூடம் வுட்டதும் கோயிலாண்ட வந்துட்டுப் போங்க. உங்க மேல ஊர்ல பிராது வந்திருக்கு."

"என்ன பிராது?"

"பாட்டுப் பிராது."

மீனவர் குப்பத்தில் சண்டை, கல்யாணம், வலை, எல்லை எதுவானாலும் அம்மன் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் கூடித் தீர்த்துக்கொள்வார்கள். அதன் தீர்ப்புக்கு மேல் பேச்சு கிடையாது. அன்றைக்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் வலைக்கொட்டகையில் வலை பின்னும் ஆண்கள். காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் பழைய சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டு வேலை செய்தவர்கள் அவர்கள். இப்போது அந்த நேரத்தில் வகுத்தல் கணக்கு வருகிறது. எதிர்ப்பக்கம் கருவாடு காயவைக்கும் பெண்கள். அவர்களுக்கு இருசம்மாள் தலைவி.

அங்கே நின்றபோதுதான் ஜெயராணிக்கு விஷயம் விளங்கியது. இரண்டு மாதமாகத் தான் என்னவெல்லாம் பேசினோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பார்க்க வேண்டிய சிரமத்தை ஊரே குறைத்தது.

"பழனிவேல் சாரு மாதிரி கத்தாதீங்கன்னு புள்ளைங்கள சொன்னீங்க பாருங்க, அது கரெக்டு டீச்சர்," என்றார் ஒருவர்.

"ஃபோன்ல வூட்டுக்காரர வெண்டிக்கா வாங்கியாரச் சொன்னீங்களே, வாங்கியாந்தாரா?" என்றாள் இருசம்மாள்.

"கத்திரிக்காய் வாங்கிட்டு வந்தாரு," என்றார் ஜெயராணி. யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா பேசுங்க டீச்சர்," என்றார் சிங்காரம். "ரேடியோல மட்டும் அந்தப் போடு போடறீங்க."

ஜெயராணி டாக்டர் சொன்னதைச் சொன்னார். ஆய்வு வருவதைச் சொன்னார். ரேடியோவில் வருவதைத் தன் கணவர் ஒரு திருகாணியைத் திருப்பி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார், மைக்கை மட்டும் பிடுங்கிவிட வேண்டாம், அது போனால் தன் வகுப்பும் போய்விடும் என்றார். முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை. கடைசியில் இருசம்மாள்தான் வழி சொன்னாள்.

"அவுங்கள அந்த டப்பாவ மாட்டிக்கினு பேசச் சொல்லுங்க. நம்ம ரேடியோல கேப்போம்."

ரேடியோ வந்தது. ஜெயராணி டப்பாவைச் செருகி வாய் திறந்ததும் ரேடியோ வீல் என்று அலறியது. மைக்கும் ரேடியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் என்று அவர் சைகையில் விளக்கினார். ஆகவே டீச்சரைக் கோயிலுக்குப் பின்புறம் கொண்டுபோய் ஒரு கவிழ்த்த கூடையில் உட்காரவைத்தார்கள். பிராது கொடுக்கப்பட்டவர் சுவருக்குப் பின்னால். பஞ்சாயத்தார் அத்தனை பேரும் மண்ணில் வைத்த ரேடியோவைச் சுற்றி. ரேடியோவிலிருந்து ஜெயராணியின் குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. வலைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். அவர் முடித்ததும் சிங்காரம் ரேடியோவைப் பார்த்து, "சரி டீச்சர், வெளிய வாங்க" என்றார்.

திருகாணியைத் திருப்பக் கூடாது என்று பெண்கள் அடம்பிடித்தார்கள். பாட்டு இல்லாமல் வலை பின்னக் கை வரவில்லை என்றார்கள் ஆண்கள். தீர்ப்பு இப்படி வந்தது: டீச்சர் எந்த இடத்தில் வருகிறாரோ அந்த இடத்திலேயே வரலாம். ஆனால் காலை பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் அந்த மைக்கில் யாரும் பேசக் கூடாது. அந்த நேரம் பாட்டுக்கு. மீறினவர் யாராக இருந்தாலும் அம்மனுக்குத் தேங்காய் உடைத்து ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"டைம்டேபிள் டிபார்ட்மெண்ட் போட்டது," என்று மறுநாள் பழனிவேல் குதித்தார். "மீன் புடிக்கறவங்க எப்டி மாத்துவாங்க?" ஆனாலும் மாற்றினார். அவரும் அந்த ஊர் வழியாகத்தான் பைக்கில் வீட்டுக்குப் போக வேண்டும். பத்து மணிப் பாடவேளை ஐந்தாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சி ஆனது.

அடுத்த வாரம் ஏ.இ.ஓ. ராஜமாணிக்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். மணி பத்தேகால்.

அவருக்கென்று பழனிவேல் வீட்டிலிருந்து மெத்தை நாற்காலி கொண்டுவந்து, மரியாதையாகக் கூடத்தின் நட்டநடுவில், கூரையின் உச்சிக்கு நேர்கீழே போட்டிருந்தார். வட்டக் கூரைக்கு ஒரு குணம் உண்டு. எந்த மூலையில் எழும் சத்தத்தையும் அது வாரி எடுத்துக் கொண்டுவந்து நடுவில் கொட்டும். ராஜமாணிக்கம் உட்கார்ந்தார். அதிகாரி வந்திருக்கிறாரே என்று அன்றைக்குத் தொப்புளுக்கும் கீழேயிருந்து எடுத்து அட்டை வாசித்துக்கொண்டிருந்த பழனிவேலின் குரல் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது.

"பாடம் எடும்மா, பாக்கலாம்," என்றார் ஜெயராணியிடம்.

ஜெயராணி எடுத்தார்.

"என்னம்மா, வாய அசைக்கற, சத்தத்தக் காணோம்?"

அவர் பக்கத்தில் வந்து மைக்கைக் காட்டினார். "இதுலதான் சார் எடுப்பேன். பதினோரு மணிவரைக்கும் ஊர்ல தடை."

"கவர்மெண்ட் ஸ்கூலுக்கு ஊரு யாரு தடை போட? குடு அத."

மைக்கைக் கண்டால் கை சும்மா இருக்கும் அதிகாரியை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. ராஜமாணிக்கம் எழுந்து பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார். மைக்கைச் சட்டையில் குத்தவில்லை, வாயருகே பிடித்துக்கொண்டார். டப்பாவை ஜெயராணி ஏந்திக்கொண்டு பின்னால் நிற்க வேண்டியிருந்தது. "மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்துக் கல்வியின் மேன்மையைப் பற்றிச் சிறிது பேசிவிட்டுக் கணக்குக்கு வந்தார். "நூற்று நாற்பத்து நான்கைப் பன்னிரண்டால் வகுத்தால்?"

பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே கருவாட்டுக் களத்திலிருந்து, "பன்னண்டு" என்று பெண்குரல்கள் சேர்ந்து வந்தன.

ராஜமாணிக்கம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அறிவியலுக்குத் தாவினார். "தாவரம் உணவைத் தயாரிப்பது எந்தப் பகுதியில்?"

"எலையில," என்றது வெளியே. "போன வாரந்தான் அவுங்க நடத்துனாங்க."

"யாரது வெளியிலேந்து சொல்லிக் குடுக்கறது?" என்றார் ராஜமாணிக்கம். மைக்கில் கேட்டதால் இந்தக் கேள்வியும் குப்பத்தின் எல்லா அடுப்படிகளிலும் கேட்டது.

"நாங்க எங்கய்யா சொல்லிக் குடுத்தோம், நீங்க கேட்டீங்க, சொன்னோம்," என்றாள் இருசம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ராஜமாணிக்கம் ஜெயராணியின் பக்கம் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. "ஆள் வெச்சி பதில் சொல்ல ஏற்பாடு பண்ணியிருக்க. இருவது வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி நாடகத்த நான் பாத்ததில்ல. திட்டக்குடிப் பக்கம் ஆள் பத்தலன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் சிங்காரம் வந்து நின்றார். பின்னால் வலைக்காரர்கள். பாதிப் பாட்டில் எழுந்து வந்தவர்களின் முகத்தில் என்ன இருக்குமோ அது இருந்தது.

"பத்து மணிக்கு மைக்குல பேசுனது யாரு?"

"நான்தான்யா. ஏ.இ.ஓ."

"யாராயிருந்தாலும்னுதான் தீர்ப்பு. தேங்கா ஒடைக்கணும். எப்ப வர்றீங்க?"

ராஜமாணிக்கம் ஜன்னலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்குப் பதில் சொன்னவர்கள் ஒரு பக்கம், தனக்குத் தண்டனை கொடுப்பவர்கள் ஒரு பக்கம். இவ்வளவையும் ஒரு வாய் பேசாத டீச்சர் ஏற்பாடு செய்திருக்க முடியுமா என்ற சந்தேகம் அப்போதுதான் அவருக்கு வந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஜெயராணி ஒரு காரியம் செய்தார். கையிலிருந்த சோப்பு டப்பாவின் சுவிட்சை அணைத்தார். அதிகாரியின் காதருகே போனார்.

"மைக்க அணைச்சிட்டேன் சார். இனி வெளியில யாருக்கும் எதுவும் கேக்காது. புள்ளைங்களுக்கு என்ன தெரியும்னு நீங்களே பாருங்க. கடைசி பெஞ்சுலேந்து கூப்புடுங்க."

தூரத்தில் எங்கோ ஒரு ரேடியோவில் பாட்டின் கடைசிச் சரணம் மீண்டது. வலைக்காரர்கள் சமாதானமாகித் திரும்பினார்கள். சிங்காரம் மட்டும் தேங்காய்க்காக நின்றார். ராஜமாணிக்கம் நடு நாற்காலிக்குத் திரும்பி, அன்பரசுவைக் கூப்பிட்டு, பாடப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஜெயராணி சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்பரசு வாசித்தான்.

"சத்தமாப் படி."

சத்தமாகத்தான் படித்தான்.

"இவனும் வாயத்தான் அசைக்கறான்," என்றார் ராஜமாணிக்கம். சொன்னது தனக்கே கேட்காததால் இன்னொரு தடவை சொன்னார். அதுவும் கேட்கவில்லை. அவர் தலைக்கு மேலே திடப்பொருள், திரவப்பொருள், வாயுப்பொருள் என்று ஒவ்வொன்றும் மூன்று மூன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"யாருய்யா அது?"

"எச்.எம். சார்," என்றார்கள் பிள்ளைகள்.

பழனிவேல் பாராட்டு வருகிறது என்று நினைத்து அட்டையோடு ஓடி வந்தார்.

"தெனமும் இப்டித்தானா?"

"இன்னிக்கிக் கொஞ்சம் சளி சார். மத்த நாள்ல இன்னும் நல்லா இருக்கும்."

ராஜமாணிக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சுனாமிக்குப் பிறகு அவசரத்துக்குப் போட்ட தகரக் கொட்டகை ஒன்று உடைந்த பெஞ்சுகளோடு சும்மா கிடந்தது. "அத ஒழிச்சிட்டு நாலாம் வகுப்ப அங்க கொண்டு போங்க. இப்பவே."

நாலாம் வகுப்பு அட்டைகளோடு கிளம்பிப் போனது. கூடத்தில் ஓர் அமைதி வந்தது. அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு தலைமையாசிரியரை முப்பதடி தள்ளி உட்காரவைக்க வேண்டும் என்ற யோசனை இரண்டு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை; ஓர் அதிகாரிக்குத் தன் குரல் தனக்கே கேட்காமல் போக வேண்டியிருந்தது.

அன்பரசு மறுபடி முதலிலிருந்து வாசித்தான். ஓர் இடத்தில் மட்டும் நின்றான், ஜெயராணியைப் பார்த்தான், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். தானே மூச்சு வாங்கி வாசித்து முடித்தான். அடுத்தவன் வாசித்தான். அதற்கடுத்து அனுப்பிரியா என்றொரு பெண் வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். ராஜமாணிக்கம் இன்னும் நாலு பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவருடைய சர்வீஸில் அதற்குமேல் யாரையும் பாராட்டியதில்லை.

"இங்கயே இரும்மா," என்றார். பிறகு சோப்பு டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒயர் இல்லாம காத்துல பேசணும்னா டெல்லியில யார்கிட்டயோ லைசென்ஸ் வாங்கணும்னு கேள்வி. இத நான் பாக்கல. நாளைலேந்து மைக்குக்கு ஒயர் இருக்கணும்."

"தொண்டைக்கு மைக் இல்லாம முடியாது சார்."

"மைக் வேணாம்னு எவன் சொன்னான்? ஒயர் வேணும்னுதான் சொன்னேன்."

போகும் வழியில் ஜீப் அம்மன் கோயிலில் நின்றது. தேங்காய் முதல் அடியில் உடையவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

ராபர்ட் டப்பாவைப் பிடுங்கிவிட்டு ஒயர் வைத்த மைக்கைக் கட்டிக்கொடுத்தார். ஒயர் நீளம் தாராளம். டீச்சர் கடைசி பெஞ்சுவரை நடந்துபோய்த் தலையில் குட்ட முடியும். முடிச்சு சுருங்கிவருகிறது என்று டாக்டர் சொன்னார். பழனிவேல் தகரக் கொட்டகையில் சந்தோஷமாக இருந்தார். தகரம் அவர் குரலுக்குக் கூடக் கொஞ்சம் கொடுத்து உதவியது; தன்னைத் தனிக் கட்டடத்துக்கு உயர்த்திவிட்டதாகவே அவர் எண்ணம்.

பத்து நாள் கழித்து ஆட்டோ நிறுத்தத்தில் இருசம்மாள் வழிமறித்தாள். கூடையில் கருவாட்டுக்கு மேலே மூன்று ரேடியோக்கள்.

"உங்க வூட்டுக்காரர்கிட்ட குடுத்து இத ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க டீச்சரம்மா. நாள் முழுக்கப் பாட்டாவே வருது."

ஜெயராணி விளக்கிச் சொன்னார். சந்தையில் நின்று பழகியவளுக்கு அது கேட்டிருக்காது. ரேடியோக்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கருவாட்டு வாசனையில் பக்கத்து இருக்கைக்காரர் பரங்கிப்பேட்டையிலேயே எழுந்துபோய்விட்டார். கடையில் ராபர்ட் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். மூன்றும் நன்றாகப் பாடின.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு. என்னா கம்ப்ளைண்ட்டாம்?"

ஜெயராணி சொன்னார். ராபர்ட்டுக்குக் கேட்கவில்லை.

"என்னா?"

"நான் வரலியாம்."